இடது பக்கம் இருந்தவள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையின் முடிவில் இமாம் ஸலாம் கொடுத்தார். தொழுகையை முடிக்கும்போது முதலில் வலது தோள் பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் சொல்வோம், பிறகு இடது தோள் பக்கம். நான் வலது பக்கம் திரும்பினேன். திரும்பிய முகம் அங்கேயே நின்றுவிட்டது.

முழங்கால் வலியால் நான் நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிறவன். வலப்பக்க நாற்காலியில் இருந்தவர் கயிறு வியாபாரம் செய்யும் மலையாளி. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"எந்தா இக்கா, என்டெ முகத்து வல்லதும் உண்டோ?" தன் முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. நீ போ," என்றேன்.

அவர் போய்விட்டார். மற்றவர்களும் என்னைச் சுற்றிச் சத்தமில்லாமல் நடந்து போனார்கள். தொழுகை முடிந்த பிறகும் ஒருவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால் அவர் திக்ரில் (இறைவன் பெயரை மனதுக்குள் ஓதுவது) இருக்கிறார் என்று எங்கள் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். கிட்டே வர மாட்டார்கள். அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பாங்கு சொல்ல வந்த மோதினார்தான் என் வாய் கோணியிருப்பதையும் இடது கை நாற்காலிக்கு வெளியே தொங்குவதையும் பார்த்தார். என் மூளை ரத்தமில்லாமல் கிடந்த அந்த நேரம் முழுக்க நான் பக்திமான் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடக்கமாகப் பேச எனக்கு வராது, அதற்கு அவசியமும் இருந்ததில்லை. சொந்த ஊரான கம்பத்தில் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மலையாள நாட்டு மட்டாஞ்சேரிக்கு மூட்டை தூக்க வந்தேன். இன்று பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்கு என் பெயரில் நிற்கிறது. ஒரு சுக்குத் துண்டை ஒடித்தால் வரும் சத்தத்தை வைத்தே அது எந்த மலைச் சரக்கு என்று சொல்வேன். மலையாளத்திலும் இந்தியிலும் குஜராத்தியிலும் விலை பேசுவேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு நாளும் நோய் என்று படுத்ததில்லை. யார் நலம் விசாரித்தாலும், "எனக்கு ஒண்ணுமில்ல" என்பதுதான் என் பதில்.

வந்த நோயும் அதே வார்த்தையைத்தான் சொன்னது, அதுவும் என் குரலிலேயே. அதனால் என் வீட்டாருக்கே எது நான், எது நோய் என்று பிரித்துப் பார்க்க நாளாயிற்று.

இப்படிப்பட்டவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு இல்லாமல் போனது இடது பக்கம். அந்தப் பக்கத்தில் இருந்தவள் என் மனைவி மைமூன். நேரம் இருக்கும்போதே நான் அவளைக் கண்டுபிடித்தேனா என்பது ஒன்றுதான் இங்கே சொல்ல வேண்டிய விஷயம்.

*

பாலத்தைத் தாண்டி எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது). மூளையின் வலது பாதியில் அடைப்பு. வலது மூளைதான் உடம்பின் இடது பக்கத்தை ஆள்கிறது என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

எனக்கு வலி இல்லை, பயமும் இல்லை. ஒரே ஒரு குறைதான். மைமூன் வரவில்லை. பார்க்க வந்த எல்லாரிடமும் அதைச் சொன்னேன். கம்பத்திலிருந்து என் தங்கை போன் செய்தபோது, "உன் மதினி எட்டிக்கூடப் பாக்கல" என்றேன். அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

மைமூன் என் படுக்கையின் இடது பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். விளங்காமல் போன என் இடது கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்த போனில் பேசியதை அவள் அங்கே இருந்துதான் கேட்டாள்.

அவள் பேசினால் எனக்குக் கேட்கும். ஆனால் சத்தம் வலது பக்கத்திலிருந்து வருவதாகத் தோன்றும். அங்கே என் மகன் சாதிக் நிற்பான். அவள் கதவுக்கு வெளியே நின்று பேசுகிறாள், உள்ளே வர மனசில்லை என்று நினைத்துக்கொள்வேன்.

மூளை டாக்டர் மலையாளி, சின்ன வயசுப் பெண். மதுரையில் படித்ததால் நல்ல தமிழ். அவர் ஒரு கையைத் தூக்கி என் வலது கண்ணுக்கு நேரே கொண்டுவந்து காட்டினார்.

"ராவுத்தரே, இது யாரோட கை?"

பார்த்தேன். தளர்ந்த கை. "என் வீட்டுக்காரி கை," என்றேன்.

"அப்போ அவங்க வந்திருக்காங்களா?"

"இல்ல. வரல."

"கை மட்டும் வந்திருக்கா?"

"அவ அப்படித்தான். வேலைய பாதியிலயே விட்டுட்டுப் போயிடுவா."

சாதிக் சிரித்துவிட்டான். பிறகு அழுதான். டாக்டர் காட்டியது என் கை. நான் அதில் பொய் எதுவும் சொல்லவில்லை. ஒரு சுக்குத் துண்டைச் சுக்கு என்று சொல்லும் உறுதியோடுதான் சொன்னேன்.

இதற்கு நெக்லெக்ட் என்று பெயர் (உலகத்தின் ஒரு பாதியை மூளை கணக்கில் சேர்க்காமல் விடுவது). கூடவே வருவது அனோசொக்னோசியா (நோய் இருப்பதே நோயாளிக்குத் தெரியாமல் போவது). கண்ணில் கோளாறு இல்லை, காதிலும் இல்லை. கவனம் அந்தப் பக்கம் போவதில்லை, அவ்வளவுதான்.

"இடது பக்கம் இருட்டா இருக்கா அத்தா?" என்று சாதிக் கேட்டான்.

நான் பதில் சொல்வதற்குள் டாக்டர் அவனிடம் திரும்பினார். "உங்க தலைக்குப் பின்னால இப்ப என்ன தெரியுது? கறுப்பா தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

"கறுப்புகூட இல்லல்லே? அங்க ஒரு குறை இருக்கறதாவும் தோணல. அத்தாவுக்கு இடது பக்கம் அப்படித்தான்."

இதைவிடத் தெளிவாக இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நீங்களும் ஒரு தடவை உங்கள் தலைக்குப் பின்னால் பார்க்க முயன்று பாருங்கள். பாதியை இழந்தவனுக்குப் பாதி உலகம் தெரிவதில்லை. முழு உலகம்தான் தெரிகிறது. அது கொஞ்சம் சின்னதாக இருக்கிறது, அதுவும் அவனுக்குத் தெரியாது.

*

இன்னொரு நாள் டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். "நீங்க மட்டாஞ்சேரி படகுத்துறை பக்கத்துல நிக்கறீங்க. பஜார் ரோட்டுல வடக்கே பாத்து நடக்கறீங்க. வழியில இருக்கற கடையெல்லாம் சொல்லுங்க."

இது ஒரு பரீட்சையா என்று நினைத்தேன். அந்த ரோட்டில் நான் தோளில் மூட்டையோடு நடந்திருக்கிறேன், காரிலும் போயிருக்கிறேன். மூச்சு விடாமல் சொன்னேன். அரிசிக் கிடங்கு, சணல் சாக்குக் கடை, இடிந்த மிளகுப் பண்டகசாலை, தேயிலை ஏலக்காரர் வீடு, பெட்டிக்கடை, அதற்கப்புறம் தண்ணீருக்கு இறங்கும் படி.

எங்கிருந்தோ மைமூனின் குரல் கேட்டது. "நம்ம கடை எங்கங்க?"

வலது பக்கம் பார்த்து, "என்னது?" என்றேன்.

"எல்லார் கடையும் சொன்னீங்க. நம்ம கடையச் சொல்லலயே."

வடக்கே நடந்தால் காயல் (உப்பங்கழி) வலது பக்கம். நான் சொன்னது எல்லாம் காயல் பக்கத்து வரிசை. என் கிடங்கு எதிர் வரிசையில், இடது பக்கம். என் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதிவைத்த கட்டடத்தை நான் விட்டுவிட்டு நடந்திருக்கிறேன்.

"இப்போ அந்த முனையில இருந்து திரும்பி வாங்க," என்றார் டாக்டர்.

திரும்பினேன். முதலில் கண்ணுக்குள் வந்தது என் கிடங்குதான். பச்சைக் கதவு, வாசலில் காயப்போட்ட சுக்கு, எங்கள் கணக்கர் சைக்கிள். அந்த வரிசையில் ஒரு கடைகூட விடவில்லை. ஆனால் இப்போது காயலைக் காணோம். சற்று முன்னால் சொன்ன கடை ஒன்றுகூட அங்கே இல்லை.

உண்மையில் இருந்தது வெறும் படுக்கையும் மூடிய கண்ணும்தான். ரோடு என் ஞாபகத்தில் இருந்தது. ஞாபகத்துக்கு ஏது இடதும் வலதும் என்றுதான் நினைத்திருந்தேன். என் சொத்தும் நான் நடந்த வழியும் எனக்குள் பத்திரமாக இருக்கிறது, யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். ஒரு ரத்தக்குழாய் அடைத்ததும் அது நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்பதைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. முதல் முறையாகப் பயந்தேன். நோயை ஒப்புக்கொண்டதும் அன்றுதான்.

மைமூன் ஸ்டூலை வலது பக்கம் கொண்டுவரப் போனாள். டாக்டர் தடுத்தார்.

"வேண்டா. நீங்க அங்கேயே இருங்க. அவர் தேடி வரணும். நீங்க இந்தப் பக்கம் வந்தா அவருக்கு அந்தப் பக்கமே வேண்டாம்னு ஆயிடும்."

அவள் அங்கேயே இருந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அங்கேயே இருந்தாள்.

*

வீட்டில் கட்டிலின் இடது விளிம்பில் சிவப்புத் துணி கட்டினார்கள். அது தெரியும்வரை தலையைத் திருப்ப வேண்டும். தட்டின் இடது ஓரத்தில் ஊறுகாய் வைப்பாள். அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று அவளுக்குத் தெரியும். ஒளுச் செய்யும்போது (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) வலது கையை மட்டும் கழுவிவிட்டு எழுந்திருப்பேன். "இன்னொருத்தர் காத்திருக்கார்" என்று இடது கையைத் தூக்கித் தண்ணீருக்குள் வைப்பாள்.

அவள் வாய் சும்மா இருக்காது. நல்லதை எழுதுகிற மலக்கு (வானவர்) வலது தோளில், கெட்டதை எழுதுகிற மலக்கு இடது தோளில் என்பது எங்கள் நம்பிக்கை. "உங்க இடது தோள் மலக்குக்குத்தான் பாவம் வேலை போச்சு," என்பாள். "இவ்வளவு நாள் அவருக்குத்தான் ஓவர்டைம்."

ஸலாம்தான் கடினமாக இருந்தது. வலது பக்கம் சொல்லிவிட்டு அப்படியே இருப்பேன். இரண்டும் சொல்லியாயிற்று என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றும். தொழுகையில் தவறு வந்தால் பெண்கள் வாயால் சொல்லாமல் கை தட்டி உணர்த்தலாம் என்பது மார்க்கம். அவள் இடது பக்க ஸ்டூலில் உட்கார்ந்து கை தட்டுவாள். நான் வலது பக்கமே தேடுவேன். அவள் விடாமல் தட்டுவாள்.

ஒரு நாள் கழுத்து மெல்ல அந்தப் பக்கம் போனது. முதலில் சுவர் வந்தது, பிறகு காலண்டர், அப்புறம் அவள் கம்மல், கடைசியாக அவள் முகம். மெலிந்திருந்தாள். அவளை நேராகப் பார்த்து எத்தனை மாதம் ஆகியிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றேன்.

"வ அலைக்கும் ஸலாம். வழி தெரிஞ்சுதா?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தொழுகைக்கும் திரும்பினேன். கைத்தட்டு மட்டும் வேண்டியிருந்தது. என்னைப் போல் வேகமாகத் தேறிய நோயாளியை டாக்டர் பார்த்திருக்க மாட்டார் என்று எல்லாரிடமும் சொன்னேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

*

அன்று மழை. சாதிக் கிடங்குக்குப் போயிருந்தான். நான் அறையில் நாற்காலியில் இருந்தேன். எங்கள் வீடு பழைய மட்டாஞ்சேரி வீடு, அறைக்குள் அறையாகப் போகும். என் நாற்காலிக்கு எதிரே ஒரு வாசல், வலது பக்கம் ஒரு வாசல். இரண்டு வழியாகவும் சமையற்கட்டுக்குப் போகலாம். அஸர் பாங்கு முடிந்ததும் மைமூன் சாயா கொண்டுவந்தாள். எப்போதும் போல் இடது பக்கமாக வந்தாள். சாரல் அடித்த தரையில் வழுக்கி விழுந்தாள்.

சத்தம் கேட்டது. கிளாஸ் உடைந்த சத்தமும் அவள் குரலும்.

"ஏங்க, விழுந்துட்டேன்."

வலது பக்கம் பார்த்தேன். ஜன்னலும் மழையும்தான் இருந்தது. "எங்க இருக்கே?"

"இங்கதான். இடது பக்கம் திரும்புங்க."

"திரும்பிட்டேன். நீ இல்ல."

"திரும்பலங்க. இன்னும் திரும்புங்க."

"திரும்பிட்டேங்கறேன்ல."

அவள் கை தட்டினாள். தரையில் கிடந்தபடி தட்டினாள். தொழுகையில் கேட்டுப் பழகிய அதே தட்டு. அன்று அது எனக்கு வழி காட்டவில்லை. பயம் வந்துவிட்டால் மூளை கற்றதை விட்டுவிட்டுப் பழைய வழிக்கே போய்விடும் என்று பிறகு டாக்டர் சொன்னார். சமையற்கட்டில் விழுந்து கிடக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்பதுகூடச் சரியில்லை. அவள் அங்கே கிடப்பது எனக்குத் தெரிந்தது.

தடியை ஊன்றி எழுந்தேன். நோய் வந்த பிறகு யார் துணையும் இல்லாமல் நான் நடந்தது அன்றுதான் முதல் தடவை. விழவில்லை. வலது வாசல் வழியாக அவளைத் தேடிப் போனேன், அவளை விட்டுவிட்டு.

ஒவ்வொரு வாசல் நிலையிலும் இடது தோள் இடித்தது. நடு அறையில் கட்டிலைச் சுற்றினேன். சமையற்கட்டில் அவள் இல்லை. அடுப்பை அணைத்தேன். மறுபடி சுற்றினேன். கூப்பிட்டேன். அவள் குரல் வந்துகொண்டிருந்தது, பிறகு குறைந்தது. கடைசியில் சமையற்கட்டின் இன்னொரு வாசல் வழியாக வெளியே வந்து, என் நாற்காலிக்கு எதிரே இருக்கும் வாசலில் நின்றேன்.

இப்போது நான் நாற்காலியைப் பார்த்து நின்றேன். அறை திரும்பிவிட்டது. பஜார் ரோட்டின் மறு முனையிலிருந்து நடந்து வந்ததுபோல.

அவள் என் வலது பக்கம் கிடந்தாள். நாற்காலியின் காலுக்குப் பக்கத்தில், நான் கை நீட்டியிருந்தால் தொட்டிருக்கக்கூடிய தூரத்தில்.

"எங்க போனீங்க?" என்றாள்.

"உன்னைத் தேடி."

"நான் இங்கதான இருந்தேன்."

அவள் விழுந்தபோது அவள் போன் என் கட்டிலுக்கு அடியில் வழுக்கிப் போயிருந்தது. தடியால் இழுத்து அவள் கையில் கொடுத்தேன். அவளே சாதிக்கைக் கூப்பிட்டாள். அவன் ஆட்களோடு ஓடி வந்தபோது மஃரிப் (அந்தி) பாங்கு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் இருந்த அந்த நேரம் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, வந்துவிட்டேன் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

*

இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் நன்றாக நடந்தது. படுத்தே இருந்ததில் நிமோனியா (நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வருவது) வந்தது.

நான் போய் உட்காரும்போது அவள் என் வலது பக்கம் வரும்படி சாதிக் நாற்காலியைப் போட்டான். இம்முறை யாரும் தடுக்கவில்லை.

"இப்ப தெரியறேனா?" என்றாள்.

"தெரியறே."

"படுத்த பிறகுதான் இந்த மனுஷன் கண்ணுக்கு நான் பட்டேன்," என்று நர்ஸிடம் சொன்னாள். நர்ஸுக்குத் தமிழ் புரியவில்லை, சிரித்தாள். மைமூன் என் பக்கம் பார்த்தாள். "உங்க தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. நான் வந்துட்டேன்னு."

போன் செய்தேன். அவள் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். "மைமூன் எப்பவும் என் பக்கத்துலதான் இருந்தா" என்று சொன்னேன். எதிர்முனையில் தங்கை ஏதோ சொல்லி அழுதாள். மைமூன் கண்ணை மூடியபடி, "சத்தமா சொல்லுங்க," என்றாள். சத்தமாகச் சொன்னேன்.

சில நாளில் மூச்சு நின்று மௌத்தாகிவிட்டாள்.

டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "நான் திரும்பினேன் டாக்டர். அது எனக்கு நல்லாத் தெரியும். அப்புறம் எப்படி?"

"திரும்பறதும், திரும்பிட்டோம்னு தோணறதும் மூளையில வேற வேற வேலை ராவுத்தரே. உங்களுக்கு ரெண்டாவது மட்டும் நடந்தது. உள்ள இருந்து பாத்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். எனக்கும் அப்படித்தான்."

நான் வாழ்க்கை முழுக்க ஒன்றை நம்பியிருந்தவன். எனக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிந்தால் அது சரியாகத்தான் இருக்கும். அந்த நிச்சயத்தை வைத்துத்தான் சரக்கு வாங்கினேன், கிடங்கு கட்டினேன், பேச வந்தவர்களை வாயடைத்தேன். அந்த நிச்சயமும் மூளைக்குள் நடக்கும் ஒரு வேலை என்று இப்போது தெரிகிறது. அது கெட்டுப்போகும்போது மணி அடிக்காது. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்து, "எல்லாம் பாத்துட்டேன்" என்று சொன்னால், அவர் பொய் சொல்வதாகச் சண்டை போடாதீர்கள். அவரை நம்பவும் செய்யாதீர்கள். அவரைத் தனியாக ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலை வந்தால், பார்த்துக்கொள்கிறவர் கழுத்தில் போனை மாட்டிவிடுங்கள்.

இந்தக் கட்டுரையைக் கையால்தான் எழுதுகிறேன். எழுத்து தாளின் வலது பக்கமே ஒதுங்கிப்போகிறது என்று சாதிக் ஒவ்வொரு தாளிலும் இடது ஓரம் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தான். அவனுக்குத் தமிழைவிட மலையாளம்தான் நன்றாக எழுதப் படிக்க வரும், அதனால் அவனிடம் சொல்லி எழுதவைக்கவில்லை. கோடு வரைக்கும் தேடிப் போய் வரியை ஆரம்பிக்கிறேன்.

உடம்பு தேறிவிட்டது. இடது கையில் தண்ணீரின் குளிர்ச்சி தெரிகிறது. சில நாள் அது என் கை என்றே தோன்றுகிறது. இன்னும் சில நாள் ஒளுச் செய்யும்போது அதைப் பார்த்து, அவள் கை என்று ஒரு கணம் நினைத்துவிடுகிறேன். திருத்திக்கொள்ள அவசரப்படுவதில்லை.

வீட்டில் தொழும்போது வலது பக்கம் ஸலாம் சொன்னதும் நின்றுவிடுகிறேன். இரண்டு ஸலாமுக்கும் நடுவில் முன்பெல்லாம் ஒரு மூச்சு நேரம்தான். இப்போது அது எவ்வளவு நீளம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கைத்தட்டு வருவதில்லை. பிறகு நானாகவே கழுத்தைத் திருப்புகிறேன். முதலில் சுவர் வருகிறது, அப்புறம் காலண்டர், கடைசியில் அவள் ஸ்டூல்.

முன்பு அங்கே ஒரு பக்கமே இருக்கவில்லை. இப்போது இருக்கிறது, காலியாக. டாக்டர் இதைக் குணம் என்கிறார்.

அந்த ஸ்டூலைப் பார்த்து ஸலாம் சொல்லித் தொழுகையை முடிக்கிறேன்.